கருக்கு வெட்டும் இடத்தில் கற்காலம் படிக்கலாம்

கைக்கோடரிக்குக் கைப்பிடி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பள்ளி முடித்து, கல்லூரி முடித்து, நானே நாலு பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகும்கூட அந்தச் சொல்லைக் கேட்டால் என் மனசில் வந்து நின்றது விறகு கீறும் கோடாலிதான். இரும்புக்குப் பதிலாகக் கல், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்திருந்தேன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிஜமான ஒன்றைப் பார்த்த அன்றுதான் தெரிந்தது, அது ஒரே கல். அடிப்பக்கம் உருண்டு, மேலே கூம்பி, பெரிய மாங்காய் ஒன்றை இரண்டு பக்கமும் செதுக்கித் தட்டையாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி. உருண்ட பக்கத்தை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தால் வெட்டலாம், கிழிக்கலாம், தோண்டலாம். கைதான் பிடி.

கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவட்டாற்றில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் ட்யூஷன் நடக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள், குரூப் 4 எழுதுகிற பெரியவர்களும் சிலர் வருவார்கள். எல்லாருக்கும் இந்தக் கற்காலப் பாடத்தில் ஒரே கஷ்டம்: சொற்கள். மனப்பாடம் செய்கிறார்கள், ஒரு வாரத்தில் எல்லாம் கலந்துபோகிறது. நான் சில வருஷமாகச் செய்து பார்த்துப் பலன் கண்ட வழியை இங்கே எழுதுகிறேன். வீட்டிலிருந்து படிப்பவர்களும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெற்றோர்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

‘காலம்’ என்றால் வருஷம் இல்லை

பாதிக் குழப்பம் இந்த ஒரு சொல்லில்தான். கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று பிரித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த தாம்சன். கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த பழம்பொருட்களை எப்படி அடுக்குவது என்று யோசித்தபோது, எதனால் செய்தது என்று பார்த்துப் பிரித்தார். அவருடைய கையேடு 1836-இல் வெளிவந்தது. பிறகு 1865-இல் ஜான் லப்பக் கற்காலத்தை இரண்டாகப் பிரித்துப் பழையது, புதியது என்று பெயர் வைத்தார். ஆக, இந்தப் பெயர்களெல்லாம் அலமாரித் தட்டுகளில் ஒட்டிய சீட்டு மாதிரிதான். மக்கள் எந்தப் பொருளை வைத்து எப்படி வேலை செய்தார்கள் என்பதை மட்டும் சொல்லும். எந்த வருஷம் என்று கேட்டால், எந்த ஊரில் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். 1788-இல் ஐரோப்பியர் ஆஸ்திரேலியாவில் குடியேறியபோது அங்கிருந்த மக்கள் கல்லில் அருமையாகக் கருவி செய்துகொண்டிருந்தார்கள்.

இதைச் சொன்ன அன்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “டீச்சர், எனக்க அம்மைக்க அடுக்களையில அம்மியும் இருக்கு, மிக்சியும் இருக்கு. அது எந்தக் காலம்?” அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் எல்லா வகுப்பிலும் சொல்கிறேன். ஒரு காலம் முடிந்து கதவைச் சாத்திய பிறகு அடுத்தது வருவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் கிடக்கும்.

அடுத்து கீழ், இடை, மேல். பழங்கற்காலத்தை மூன்றாகப் பிரித்து இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘மேல்’ என்றால் பழசு, முன்னாடி வந்தது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், ஏனென்றால் பட்டியலில் மேலே இருப்பதுதானே முதலில் வரும். கிணறு வெட்டும்போது பாருங்கள் என்பேன். மேலே நேற்று விழுந்த இலையும் மண்ணும், அதற்குக் கீழே செம்மண், அப்புறம் சரளை, ஆழத்தில் பாறை. அடியில் கிடப்பதுதான் முதலில் வந்து படிந்தது. எனவே கீழ்ப் பழங்கற்காலம்தான் மிகப் பழசு, மேல் பழங்கற்காலம் நமக்குப் பக்கத்தில். கிணற்றை நினைத்துக்கொண்டால் இது மறக்காது.

‘இடை’ என்ற சொல்தான் பரீட்சையில் அதிகம் பேரை விழ வைப்பது. இடைப் பழங்கற்காலம் வேறு, இடைக் கற்காலம் வேறு. முன்னது பழங்கற்காலத்துக்குள்ளேயே இருக்கும் நடுப்பகுதி. திருவள்ளூர் மாவட்டத்து அதிராம்பாக்கத்தில் அது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2018-இல் வெளியிட்டார்கள். பின்னது பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் நடுவில் இருப்பது, ஆயிரக்கணக்கில் மட்டும் எண்ண வேண்டியது. நடுவே ‘பழ’ என்ற இரண்டு எழுத்து விட்டுப்போனால் மூன்று லட்சத்துக்கும் மேல் ஆண்டுகள் காணாமல் போய்விடும். எனவே கேள்வித்தாளில் ‘இடை’ என்று பார்த்தவுடன் அடுத்த சொல்லை விரல் வைத்துப் படியுங்கள்.

அதேபோலத் தொல்பழங்காலமும் பழங்கற்காலமும். தொல்பழங்காலம் என்பது எழுத்து வருவதற்கு முந்தைய மொத்தக் காலம், வரலாற்றுக்கு முந்தைய காலம் என்று புத்தகத்தில் இருப்பதும் அதுதான். பழங்கற்காலம் அதன் ஒரு பகுதி. எழுத்து இருந்தும் நம்மால் படிக்க முடியாத சிந்துவெளி மாதிரிக் காலத்துக்கு வரலாற்றுத் தொடக்கக் காலம் என்று பெயர். நம் பக்கத்து உதாரணம் ஒன்று: சிதறால் மலைக்குப் போய்வந்த பிள்ளைகள், ஆதிமனிதன் வாழ்ந்த குகையைப் பார்த்தோம் என்று கட்டுரை எழுதுகிறார்கள். குகை என்றாலே ஆதிமனிதன் என்று ஆகிவிட்டது. சிதறாலில் இருப்பது சமணச் சிற்பங்களும் 9-ஆம் நூற்றாண்டையொட்டிய கல்வெட்டும். கல்வெட்டு இருக்கிறது, படிக்கவும் முடிகிறது, ஆகவே அது வரலாற்றுக் காலம். இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பழகினால் போதும்: எழுத்து இருக்கிறதா, அதைப் படிக்க முடிகிறதா?

மலையாளமும் படிக்கிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தவர்கள், வீட்டில் பழைய மலையாளப் புத்தகங்கள் இன்னும் இருக்கும், களியக்காவிளையைத் தாண்டி அந்தப் பக்கம் படிக்கும் பிள்ளைகளும் உண்டு. மலையாளத்தில் பழைய கற்காலம் பிராசீன சிலாயுகம், புதிய கற்காலம் நவீன சிலாயுகம். தமிழில் நவீனம் என்றால் இந்தக் காலத்தது. “நவீன சிலாயுகம்னா இப்ப உள்ள கல் குவாரியா டீச்சர்?” என்று ஒரு பையன் உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்டான். தப்பே இல்லை, அந்தச் சொல் அப்படித்தான் இழுக்கும். கல்லைத் தேய்த்து மழமழப்பாக்கப் பழகிய, பயிரும் மாடும் வளர்க்கத் தொடங்கிய காலம் அது என்று சொல்லிக்கொடுங்கள்.

கருக்கு வெட்டுபவரிடம் அரைமணி நேரம்

இனிக் கருவிச் சொற்கள். மூலக்கல், செதில், சுரண்டி, தயாரித்த மூலக்கல் முறை என்று புத்தகம் அடுக்கிக்கொண்டே போகும். இதைப் படிக்கக் கூடாது, பார்க்க வேண்டும். நான் பிள்ளைகளைக் குலசேகரம் ரோட்டில் கருக்கு விற்கிற அண்ணனிடம் கூட்டிப்போகிறேன். (வெளி மாவட்டத்தவர்களுக்கு: எங்கள் பக்கம் இளநீருக்குக் கருக்கு என்று பெயர்.)

அவர் ஒரே வெட்டில் தலையை எடுப்பதில்லை, கவனியுங்கள். முதலில் அடியில் ஒரு வெட்டு, தரையில் நிற்க வைப்பதற்கு. அப்புறம் இடது கையில் காயைச் சுழற்றிக்கொண்டே தலைப்பக்கத்தைச் சுற்றிச் சரிவாகச் சீவுகிறார், சக் சக்கென்று ஐந்தாறு துண்டுகள் விழுகின்றன. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் பச்சைத் தோல், மறுபக்கம் வெள்ளை. இப்போது தலைப்பக்கம் கூம்பி நிற்கிறது. கடைசியாகப் பக்கவாட்டில் ஒரே ஒரு வெட்டு. மூடி கழன்று வருகிறது. அந்த மூடி எவ்வளவு பெரிதாக, என்ன உருவத்தில் வர வேண்டும் என்பது அந்தக் கடைசி வெட்டுக்கு முன்பே முடிவாகிவிட்டது, சுற்றிச் சீவிய வெட்டுகளால்.

இப்போது சொற்களை ஒட்டுங்கள். கையில் இருக்கும் காய்தான் மூலக்கல். கருக்கல் என்றும் எழுதுகிறார்கள். நமக்குக் கருக்கல் என்றால் விளக்கு வைக்கிற நேரம் என்பதால் நான் மூலக்கல் என்றே சொல்லிக்கொடுக்கிறேன். சீவி விழுந்த துண்டு செதில், சிற்பிகள் சொல்கிற சில்லு. பச்சைத் தோல் என்பது ஆற்றுக்கல்லின் மேல் வெயிலும் மழையும் தண்ணீரும் பட்டு நிறம் மாறிய புறத்தோல். ஒரு செதிலில் அந்தத் தோல் நிறைய இருந்தால் அது வேலையின் தொடக்கத்தில் விழுந்தது என்று புரிந்துகொள்ளலாம், கருக்கின் முதல் சீவல் மாதிரியே. வெட்டுகத்தியின் இடத்தில் அவர்களிடம் இருந்தது சுத்தியல் கல். ஒரே வித்தியாசம், கத்தி சீவும், சுத்தியல் கல் அடிக்கும். அடியின் வேகம் கல்லுக்குள் ஓடிச் செதிலைப் பெயர்த்தெடுக்கும். அந்த மூடியை எடுத்தாரே, சுற்றித் தயார் செய்துகொண்டு ஒரே அடியில், அதுதான் தயாரித்த மூலக்கல் முறை, லெவல்லுவா முறை. பாரிஸ் பக்கத்தில் இருக்கும் ஊரின் பெயர் அது. இடைப் பழங்கற்காலத்தின் பெரிய சாதனை என்று நான் அதைத்தான் சொல்வேன்: கல்லுக்குள் இருக்கும் உருவத்தை முன்கூட்டியே மனசில் பார்த்துவிட்டு, அதற்குத் தகுந்தபடி முந்தைய பத்து அடிகளைத் திட்டமிட்டிருக்கிறார்கள்.

கருக்குத் தண்ணீர் குடித்து முடித்ததும் அண்ணன் காயை இரண்டாகப் பிளந்து, பக்கத்திலிருந்து ஒரு சீவலை எடுத்துத் தருவார், வழுக்கையை வழித்துத் தின்ன. அந்த நிமிஷம் கையிலிருப்பது செதில் கருவி. வேலையின் பெயர் சுரண்டுவது, கருவியின் பெயர் சுரண்டி. மிருகத் தோலின் உட்பக்கத்துக் கொழுப்பை இப்படித்தான் வழித்திருக்கிறார்கள். பிள்ளைகள் வாயில் வழுக்கையோடு இதைக் கேட்டால் ஜென்மத்துக்கும் மறப்பதில்லை.

இங்கேயே நின்று முழு வரிசையையும் சொல்லிவிடலாம். கீழ்ப் பழங்கற்காலத்தில் பெரும்பாலும் செதில்களைத் தட்டித் தள்ளிவிட்டு மிஞ்சிய கல்லைக் கருவியாக்கினார்கள், கைக்கோடரி அப்படிப்பட்டது (பெரிய செதிலையே எடுத்துச் செதுக்கிய கைக்கோடரிகளும் உண்டு, அதிராம்பாக்கத்திலேயே இருக்கின்றன). இடைப் பழங்கற்காலத்தில் பார்வை திரும்பியது, விழும் செதில்தான் முக்கியம். மேல் பழங்கற்காலத்தில் செதில் நீண்டு பிச்சாத்தி (சின்னக் கத்தி) அலகு மாதிரி ஆனது. நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்காவது இருந்தால்தான் அதை அலகு என்பார்கள். அப்புறம் நுண்கற்கருவி, விரல் நகம் அளவு, பிறை, முக்கோணம், சரிவகம் என்று வடிவங்கள். இவ்வளவு சின்னதை வைத்து என்ன செய்வது என்று கேட்பார்கள். தேங்காய் துருவும் நாக்கில் பல் பல்லாக இருக்கிறதே, அதில் ஒரு பல்லை மட்டும் பிடுங்கிக் கையில் வைத்தால் பிரயோஜனம் உண்டா? வரிசையாக மரத்திலோ எலும்பிலோ பதித்துப் பிசின் வைத்து ஒட்டினால்தான் கருவி. நுண்கற்கருவி என்று சொல் இருக்கிறதே தவிர, அது ஒரு கருவியின் பாகம். இடைக் கற்காலத்துக்கு இதுதான் அடையாளம் என்றாலும் அதற்கு முன்பே இது தொடங்கிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணலில், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் நுண்கற்கருவிகள் கிடைத்தன. ஜாய்னர், ஆல்ச்சின் என்ற ஆய்வாளர்கள் 1956-இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ‘தேரிப் பண்பாடு’ என்று வினாத்தாளில் வந்தால் அது இந்தச் செம்மணல் மேடுகளைத்தான் சொல்கிறது. முட்டம் கடற்கரைக்கு மேலே அந்தச் செம்மணலைப் பார்த்தவர்களுக்குத் தேரி எப்படியிருக்கும் என்று விளக்கவே வேண்டாம். கருவி செய்த கல் பெரும்பாலும் நம் ஊர்க்காரர்கள் வெங்கச்சங்கல் என்று சொல்லும் வெள்ளைக் குவார்ட்ஸ், அப்புறம் செர்ட் என்ற இன்னொரு வகைக் கல்.

அம்மி

புதிய கற்காலத்துக்கு வீட்டிலேயே பாடம் இருக்கிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டார்ச்சைக் கல்லின் மட்டத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். ஓரங்களில் உளி விழுந்த சின்னச் சின்னக் குழிகள் நிழலோடு தெரியும். நடுவில் குழவி ஓடும் இடத்தில் அந்தக் குழிகள் தேய்ந்து, மழுங்கி, கடைசியில் கண்ணாடி மாதிரி வழவழவென்று ஆகியிருக்கும். “அம்மி கொத்தலையோ” என்று தெருவில் குரல் கொடுத்து வருபவர் செய்வது கொத்துதல், நாம் தினமும் மிளகாய் அரைத்தே செய்துவிடுவது தேய்த்தல். புதிய கற்காலக் கோடரியும் இந்த வழியில்தான் உருவானது: முதலில் செதுக்கி உருவம் கொண்டுவருவது, பிறகு கொத்தி மேடுகளைச் சமப்படுத்துவது, பிறகு பாறையில் தண்ணீரும் மணலும் விட்டுத் தேய்ப்பது, கடைசியில் மெருகு. மெருகேற்றிய கற்கோடரி என்ற நீளமான சொல் அந்தக் கடைசி வேலையை மட்டும்தான் சொல்கிறது. இந்தக் கோடரிக்கு மரப்பிடி உண்டு. கைக்கோடரியோடு கலக்காமல் இருக்க இது ஒன்றே போதும்.

பெருங்கற்காலம் கற்காலம் கிடையாது

இதற்குத் தனித் தலைப்பு வைக்கக் காரணம் இருக்கிறது. ஒரு பயிற்சி மையத்தின் குறிப்பேட்டில் பழைய, இடை, புதிய, பெரிய என்று நான்காவது கற்காலமாக இதைப் போட்டிருந்தார்கள், அதைப் படித்துவிட்டு வந்த ஒருவரிடம் தப்பு என்று புரிய வைக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. பெருங்கல் என்பது கருவியைச் சொல்லவில்லை, இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவுச் சின்னத்தைச் சொல்கிறது. அதைக் கட்டியவர்கள் கையில் இரும்பு இருந்தது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை பெருங்கற்காலம் என்று படித்தால் மனசுக்குள் இரும்புக் காலம் என்று மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

இதன் சொற்கள் அழகானவை. தரைக்கு மேலே பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்தது கல்திட்டை, அதே அறை மண்ணுக்குள் இருந்தால் கற்பதுக்கை. ஒற்றையாக நட்டது குத்துக்கல், சுற்றி வட்டமாக வைத்தது கல்வட்டம், பெரிய மண்சாடியில் எலும்புகளை வைத்துப் புதைத்தது முதுமக்கள் தாழி. கேரளத்தில் குடைக்கல், தொப்பிக்கல் என்ற வகைகளும் உண்டு, அங்கே தாழிக்கு நன்னங்காடி என்று பெயர். மறையூரில் கல்திட்டையை முனியறை என்கிறார்கள். ஊர்ப் பெயர்களையும் தொல்லியல் பெயர்களையும் சேர்த்தே நோட்டில் எழுதுங்கள், ஒன்றை மற்றது பிடித்துக்கொள்ளும். தாழி பார்க்க வேண்டுமென்றால் ஆதிச்சநல்லூர் நாகர்கோவிலிலிருந்து இரண்டு இரண்டரை மணி நேரப் பயணம்தான். அதற்குப் பக்கத்துச் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. வடக்கே வெண்கலத்தில் சிந்துவெளி நகரங்கள் எழுந்த காலத்துக்கும் முன்னால் போகிறது அது! காலம் என்றால் வருஷம் இல்லை என்று மேலே சொன்னதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் நம் வீட்டுப் பக்கத்தில் வேறில்லை.

ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும்

ஓல்டோவன், அஷூலியன், மௌஸ்டீரியன் என்று கேட்டால் பயப்படத் தேவையில்லை. மயிலாடிச் சிலை, நாகர்கோவில் சிப்ஸ் என்று சொல்கிறோமே, அதே வழக்கம்தான். முதன்முதலில் அடையாளம் கண்ட ஊரின் பெயரை வைத்துவிடுகிறார்கள். தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கிலிருந்து ஓல்டோவன், கூழாங்கல்லில் சில அடிகள் மட்டும் தட்டிய எளிய கருவிகள், சுமார் 26 லட்சம் ஆண்டுகள் பழைமை. பிரான்சின் செயின்ட் அஷூலிலிருந்து அஷூலியன், கைக்கோடரி மரபு. புத்தகங்களில் அச்சூலியன் என்றும் இருக்கும். பிரான்சின் லெ மௌஸ்தியே குகையிலிருந்து மௌஸ்டீரியன், நியாண்டர்தால் மனிதர்களோடு சேர்த்துப் பேசப்படுவது. அதிராம்பாக்கத்தில் அஷூலியன் கருவி என்று படித்துவிட்டு, பிரான்சிலிருந்து வந்தார்கள் போலிருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்த விதத்தின் பெயர்தான் அது. அதிராம்பாக்கத்தின் அஷூலியன் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழைமையானவை. அங்கேயும் பல்லாவரத்திலும் 1863-இல் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தவர் நிலவியல் துறையிலிருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட். பல்லாவரத்தில் மே 30 அன்று. அதை வைத்து மெட்ராஸ் மரபு என்ற பெயரும் வந்தது. சில நூல்களில் இதைச் ‘சென்னைத் தொழிற்சாலை’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார்கள், அங்கே ஆலை எதுவும் இல்லை, கருவி மரபு என்று படித்துக்கொள்ளுங்கள். பண்பாடு என்ற சொல்லும் அப்படித்தான்: தொல்லியலில் ஒரு காலத்தில் ஒரு பரப்பில் சேர்ந்து கிடைக்கும் ஒரே மாதிரிப் பொருட்களின் தொகுதிக்குப் பெயர்.

ஆள் பெயர்களை உடைத்துப் படித்தால் கதையே வந்துவிடும். ஹோமோ என்றால் லத்தீனில் மனிதர். ஹாபிலிஸ், கைத்திறன் உள்ளவர், 1964-இல் லீக்கியும் கூட்டாளிகளும் வைத்த பெயர். எரெக்டஸ், நிமிர்ந்தவர்; 1891-இல் ஜாவாவில் துபுவா கண்டெடுத்தது. சேப்பியன்ஸ், அறிவுள்ளவர், அது நாம். ஆஸ்திரலோபித்திகஸ் என்பதில் ஆஸ்திரேலியாவுக்கு வேலையில்லை, தெற்கத்திக் குரங்கு என்று பொருள், கிடைத்தது ஆப்பிரிக்காவில். நியாண்டர்தாலில் தால் என்பது ஜெர்மனில் பள்ளத்தாக்கு. நியாண்டர் என்ற பாதிரியார், கீர்த்தனைகள் எழுதியவர், அவர் பெயரைத் தாங்கிய பள்ளத்தாக்கு. 1856-இல் அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டிய குவாரித் தொழிலாளர்கள் கையில்தான் அந்த எலும்புகள் கிடைத்தன. அதே குவாரி அந்தக் குகையைத் தின்றும் விட்டது. நம் மாவட்டத்தில் மலை மலையாக உடைந்து லாரி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

எண்களில் ஒரே ஒரு விஷயம். ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம். 1.5 மில்லியனை 1.5 லட்சம் என்று எழுதுவது பத்திரிகையில்கூட நடக்கிறது. மில்லியனைப் பார்த்தால் பத்தால் பெருக்கி லட்சமாக்குங்கள். ‘இன்றைக்கு முன்’ என்று ஆய்வுகளில் வருவது 1950-ஐ இன்று என்று வைத்துக்கொண்டு எண்ணுவது. கார்பன் கணிப்பு சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் எட்டாது, ஆகவே கைக்கோடரியைக் கார்பனில் கணித்தார்கள் என்று எங்கேயாவது படித்தால் சந்தேகப்படுங்கள்.

ஆதிமனிதர், ஆதிவாசி

இந்த இரண்டு சொல்லையும் ஒருபோதும் மாற்றிப் போடாதீர்கள். ஒரு வழிகாட்டிப் புத்தகத்தில் கற்கால மனிதன் என்ற தலைப்புக்குக் கீழே இன்றைய மலைவாழ் மக்களைப் போலவே ஒரு படம் போட்டிருந்தார்கள். பேச்சிப்பாறைக்கு மேலிருந்து வந்து படித்த காணிக்காரப் பையன் ஒருவன் அதைப் பார்த்து, “எனக்க தாத்தா மாதிரி இருக்கு டீச்சர்” என்றான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள், அவனும் கூடச் சிரித்தான், அப்புறம் ரொம்ப நேரம் தலை நிமிரவில்லை. அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு இதை மட்டும்தான் பேசினேன். அவனுடைய தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே சேப்பியன்ஸ், மொராக்கோவில் கிடைத்த சுமார் 3 லட்சம் ஆண்டு பழைய எலும்புகள் வரை நம் இருவருக்கும் ஒரே வயதுதான். பழங்குடி என்பது இன்று வாழும் மக்களின் பெயர், ஓட்டுப் போடுகிறவர்கள், படிக்கிறவர்கள். ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் அகத்தியமலைக் காணிக்காரர்கள். ஆதிமனிதர் என்பது நம் எல்லாருக்கும் பொதுவான முன்னோர். காட்டுமிராண்டி என்ற சொல்லை நோட்டிலிருந்தே அடித்துவிடச் சொல்லுங்கள். ‘மனிதன்’ என்பதை ‘மனிதர்’ என்று எழுதப் பழக்குங்கள், கல்லைச் செதுக்கியவர்களில் பெண்களும் இருந்திருப்பார்கள். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்ற வாக்கியமும் வேண்டாம். மனிதருக்கும் மனிதக்குரங்குக்கும் ஒரு பொது மூதாதை இருந்தது, அவ்வளவுதான்.

கல் ஒன்று கண்ணில் பட்டால்

இவ்வளவும் படித்த பிள்ளைகள் அடுத்த நாளே ஆற்றங்கரையிலிருந்து பை நிறையக் கல் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் தண்ணீர் உருட்டி உடைத்த கல்லாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது இரண்டு: செதிலின் உட்பக்கத்தில், அடி விழுந்த இடத்துக்குக் கீழே சின்னப் புடைப்பும், அங்கிருந்து சிப்பி ஓட்டின் கோடுகளைப் போல அலை அலையாக விரியும் வளையங்களும் இருக்கிறதா, அப்புறம், விளிம்பில் ஒரே ஒழுங்கில் பல அடிகள் விழுந்திருக்கிறதா. ஒரு உடைப்பு தற்செயலாக இருக்கலாம், வரிசையாகப் பத்து உடைப்பு இருக்காது. வெங்கச்சங்கல்லில் இந்த அடையாளங்கள் மங்கலாகத்தான் தெரியும், பொறுமையாகப் பாருங்கள்.

அப்படி ஒன்று உண்மையாகவே தெரிந்தால் எடுக்க வேண்டாம். எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்தக் கல்லால் காலம் சொல்ல முடியாது. பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து மேலேயிருந்து ஒரு படம், சுற்றுப்புறம் தெரியத் தூரத்திலிருந்து ஒரு படம். போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்; மண்ணுக்குள் கிடைக்கும் விலைமதிப்புள்ள பழம்பொருளைத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. பிறகு நாணயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.